நான்கு குளிர்காலம் தாண்டிய சூட்டுப் பை: டர்பன் வீட்டுப் பயன்பாட்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்காலம் என்றால் ஆனியும் ஆடியும்தான். பகலில் 23 டிகிரி, விடியற்காலையில் 11 அல்லது 12. மழை குறைவு, வானம் பெரும்பாலும் துடைத்து வைத்தது போல இருக்கும். ஜூன் கடைசியில் பள்ளிகளுக்கு விடுமுறை. பிள்ளைகளை மலைக்கும் கடற்கரைக்கும் கூட்டிப் போவது, வீட்டில் உட்கார வைத்துத் தமிழும் கணக்கும் சொல்லித் தருவது, ஆடி பிறந்ததும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது எல்லாம் இந்த ஏழெட்டு வாரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். மூன்றுக்கும் சேர்த்து உழைத்த சாமான் எது என்றால், சூட்டுப் பைதான். 2022 முதல் 2025 வரை நான்கு குளிர்காலம் பயன்படுத்திய பிறகு எழுதும் பகிர்வு இது.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு: கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, கனத்த மெத்தைப் பைக்குள் புதைத்து மூடிவிட்டால், உள்ளிருக்கும் சூட்டிலேயே மீதிச் சமையல் முடியும். அந்தக் காலத்தில் வைக்கோல் அடைத்த பெட்டியில் செய்ததுதான். தென்னாப்பிரிக்காவில் 2008 முதல் 'வொண்டர்பேக்' என்ற பெயரில் தயாராகவே விற்கிறது. இங்கே சொல்வது வீட்டில் தைத்த பை. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023இல் பலரும் இதைக் கையில் எடுத்தார்கள். மின்வெட்டு தணிந்த பிறகும் கீழே வைக்க மனம் வரவில்லை.

24 செ.மீ. அகலமும் 16 செ.மீ. உயரமும் உள்ள பாத்திரத்துக்கு (ஏழு லிட்டர் பிடிக்கும்) அளவு சொல்கிறேன். அடி மெத்தைக்கு 75 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வட்டத் துணி. மேல் மூடிக்கு 45 செ.மீ. சதுரத்தில் ஒரு தலையணை. உள்ளே பீன் பேக்கில் போடும் பாலிஸ்டைரீன் (தெர்மோகோல்) மணி: அடிக்கு 24 லிட்டர், மேலுக்கு 8 முதல் 10 லிட்டர். திணித்து அடைக்கக் கூடாது. மணிகள் உள்ளே நகர்ந்து பாத்திரத்தின் இடுப்பைக் கட்டிப்பிடிக்க இடம் வேண்டும், விறைத்த மெத்தையில் ஓரமெல்லாம் காற்றுச் சந்து விழும். விளிம்பில் நாடா கோத்து இழுத்துக் கட்டுவதுபோல் தைத்தால் போதும். வெளியுறை முழுப் பருத்தியாகவும் கழற்றித் துவைக்கக்கூடியதாகவும் இருக்கட்டும். மணி அடைக்கும் உள்ளுறையை மட்டும் நெருக்கமாக இரட்டைத் தையல் போட்டு மூடிவிடுங்கள்.

மணி நிரப்புவது தனிக் கலை. நிலைமின்னேற்றத்தால் கையில், முடியில், சுவரில் எல்லாம் ஒட்டும். 2 லிட்டர் கூல்டிரிங் பாட்டிலின் அடியை வெட்டி எறிந்துவிட்டு, வாய்ப்பகுதியைத் துணியின் துளைக்குள் செருகி, டேப் சுற்றிப் புனலாக வைத்துக்கொள்ள வேண்டும். காற்றாடும் முற்றத்தில் இந்த வேலை ஆகாது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஈரக் கையோடு செய்தால் பாதித் தொல்லை குறையும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது தூங்கிய பிறகு செய்யுங்கள். ஒரு மணி மூச்சுக்குழாயில் போனாலும் ஆபத்து.

இனி, பையைப் பற்றி எல்லோரும் செய்யும் பெரிய தவறு. இந்தப் பை சூடு தராது, இருக்கும் சூட்டைப் போக விடாது, அவ்வளவே. குளிர்ந்த மாவை உள்ளே வைத்தால் குளிர்ந்தபடியேதான் இருக்கும். ஐந்து லிட்டர் தண்ணீர் கொதித்து உள்ளே போனால் முதல் சில மணி நேரத்துக்கு மணிக்கு நான்கைந்து டிகிரி இறங்கும். அதே பாத்திரத்தில் பாதிதான் இருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் ஆறும். ஆகவே முக்கால் பாத்திரத்துக்குக் குறைந்து வைப்பதில் பயனில்லை. இரண்டு பேருக்கான சோறு இதில் வேகாது, வேகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நடுவில் திறந்து பார்ப்பதும் கூடாது. ஒருமுறை மூடியைத் தூக்கினால் ஆவியோடு சூடும் போய்விடும், மீண்டும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால்தான் கணக்கு நேராகும்.

சுகர் பீன்ஸ்தான் (புள்ளி போட்ட உலர் பீன்ஸ்) பையின் உண்மையான பரீட்சை. டர்பன் தமிழர் வீட்டில் வாரம் ஒருமுறையாவது பீன்ஸ் கறி இருக்கும், அடுப்பில் வைத்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். 500 கிராம் பீன்ஸை எட்டுப் பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒன்றரை லிட்டர் ஊற்றி, நன்றாகத் தளதளவென்று 15 நிமிடம் கொதிக்க வேண்டும். 500 கிராமுக்குச் சின்னப் பாத்திரமாக எடுங்கள், நிறைந்து இருக்க வேண்டும். பிறகு பையில் மூன்று முதல் நான்கு மணி நேரம். அந்த 15 நிமிடக் கொதியை யாரும் குறைக்கக் கூடாது. சிவப்புக் கிட்னி பீன்ஸ், சுகர் பீன்ஸ் வகைகளில் லெக்டின் என்ற நச்சுப்புரதம் உண்டு. முழுக் கொதியில் பத்து நிமிடம் இருந்தால்தான் அது அழியும். 80 டிகிரியில் மணிக்கணக்கில் கிடந்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். தக்காளியும் புளியும் பீன்ஸ் வெந்த பிறகே. முன்பே போட்டால் புளிப்பில் தோல் இறுகி, பை என்ன செய்தாலும் மெத்தென்று ஆகாது. நான்கு மணி நேரம் கழித்தும் நடுவில் கடுக்கென்று இருந்தால், பத்து நிமிடம் கொதிக்கவிட்டு இன்னும் இரண்டு மணி நேரம் வையுங்கள். அப்போதும் வேகவில்லையென்றால் பீன்ஸ் பழசு.

முழு மசூர் பருப்பு, ஸாம்ப் (உடைத்த மக்காச்சோளம்), ஆட்டுக்கறி எல்லாம் நன்றாக வரும். பச்சைக் காய்கறி வேண்டாம், குழைந்து நிறம் செத்துப்போகும்.

வெளியே போகும்போதுதான் பையின் அருமை தெரிகிறது. குளிர்காலத்தில் டிராகன்ஸ்பர்க் மலை அடிவாரமெல்லாம் புல் காய்ந்து வைக்கோலாக நிற்கும். மலைக்காற்று ஒன்று கிளம்பினால் பொறி போதும், குன்று முழுக்கப் பற்றிக்கொள்ளும். குறித்த இடம் தவிர வேறெங்கும் தீ மூட்டக் கூடாது. அந்த நிலையில் டர்பனில் காலை ஆறு மணிக்குக் கட்டிய பாத்திரம் முற்பகல் பதினொன்றுக்கு ஆவி பறக்கத் திறப்பது பெரிய நிம்மதி. கொதிக்க வைப்பதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள அண்டர்பர்க் பக்கம் 95இலேயே கொதித்துவிடும். 2,876 மீட்டர் உயரமுள்ள சானி கணவாய் உச்சியில் 90 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். மலையில் போய்க் கொதிக்க வைத்துப் பையில் போட்டால் தொடக்கமே ஐந்து முதல் பத்து டிகிரி நட்டம். (உச்சிக்குப் போக நான்கு சக்கர இயக்க வண்டியும் பாஸ்போர்ட்டும் வேண்டும், அது லெசோத்தோ எல்லை.)

காரில் பாத்திரத்தை இருக்கையில் வைக்காதீர்கள். பிரேக் போட்டதும் உருளும். முன் இருக்கைக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் இறுக்கமாக உட்காரும். நீளக் கைப்பிடி உள்ள பாத்திரம் ஆகாது, கைப்பிடிப் பக்கம் சந்து விழுந்து அங்கேயே சூடு கசியும். இருபக்கமும் குட்டைக் காது உள்ள எவர்சில்வர் பாத்திரம் உத்தமம். கால் இல்லாத தட்டையடி பொய்க்கி (தென்னாப்பிரிக்க வார்ப்பிரும்புப் பானை) சூட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கரி துணியைப் பாழாக்கிவிடும், தூக்கவும் கனம். ரசம், சாம்பார் போல நீர்த்தவற்றைக் காரில் கொண்டுபோக வேண்டாம். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டினாலும் வளைவுகளில் கசியும்.

ஜூன், ஜூலையில் தென்கரையில் மத்தி ஓட்டம், மத்தி மீன் கூட்டங்கூட்டமாகக் கரையோரம் வரும். ஸ்காட்பர்க், மார்கேட் பக்கம் வலை கரைக்கு வரும்போது வாளியோடு ஓடுவது பிள்ளைகளுக்குத் திருவிழா. மீனைத் துரத்திச் சுறா வரும். குளிக்கும் இடத்தில் சுறாவைத் தடுக்கும் வலைகளை அப்போது எடுத்துவிடுவார்கள், குளிக்கத் தடை போடுவார்கள், அதை மீற வேண்டாம். ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்து கடற்காற்று வெட்டும். அந்த நேரத்துக்குச் சூடான பருப்புக் கஞ்சி இருந்தால் யாரும் வீட்டுக்குப் போகலாம் என்று அடம்பிடிக்க மாட்டார்கள்.

வீட்டுப் படிப்புக்கு இந்தப் பையைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது. சமையலறை வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கம்பி முனையும் நீள ஒயரும் உள்ளது, மூடியைத் திறக்காமல் படிக்கலாம். ஒரே அளவு வெந்நீர் இரண்டு பாத்திரத்தில்: ஒன்று பைக்குள், மற்றது கம்பளிக்குள். அரை மணிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு நேராக இறங்காது. முதலில் சரிந்து, போகப் போகப் படுக்கும். சுற்றுப்புறத்துக்கும் பாத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய ஆறுவதும் மெதுவாகிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அதை எழுத வரும்போதுதான் தமிழ் தேவைப்படுகிறது. அவிந்தது, வெந்தது, குழைந்தது, மசிந்தது, கருகியது, ஆறியது. ஆங்கிலத்தில் பேசிப் பழகிய நாக்குக்கு இந்தச் சொற்கள் புத்தகத்தில் வந்தால் ஒட்டாது. கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்துச் சொல்லும்போது ஒட்டும்.

இரவு முற்றத்தில் சுக்குக் காபிப் பாத்திரத்தைப் பையோடு வைத்துக்கொண்டு வானம் பார்க்கலாம். ஜூலை கடைசியில் இரவு எட்டு, எட்டேகாலுக்கு டர்பனில் கேட்டை நட்சத்திரம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் சிவப்பாக நிற்கும். சென்னையில் அது தெற்கே பாதி வானத்தைச் சற்றே தாண்டித்தான் ஏறும். ஜூன் கடைசியில் ஆறரை மணிக்குத் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். சிலுவையின் நீளக் கோட்டை அதன் அடிப்பக்கமாக நான்கரை மடங்கு நீட்டினால் வானத்தின் தென்முனை. அங்கிருந்து அடிவானம் வரை நீட்டிய கையின் முட்டிகளை (மடக்கிய கைகளை) அடுக்கிப் பார்த்தால் மூன்று முட்டி, ஒரு முட்டி பத்து டிகிரி. டர்பனின் அட்சரேகை 30. பிள்ளைகள் முட்டியை அடுக்கி அளந்துவிட்டு வரைபடத்தில் சரிபார்க்கும்போது முகத்தைப் பாருங்கள்.

இனி ஆடிக் கூழ். ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்ததும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், தொங்காட் என்று மாரியம்மன் கோவில் இருக்கும் இடமெல்லாம் கூழ் ஊற்றுவார்கள், வீட்டிலும் ஊற்றுவார்கள். இங்கே கேழ்வரகை விட மக்காச்சோள மாவுதான், மீலி மீல். 5 லிட்டர் கூழுக்கு 600 கிராம் மாவை ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் புளிக்க விட வேண்டும். தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலில் ஒரு ராத்திரியில் புளிப்பது, இங்கே ஆடிக் குளிரில் இரண்டு நாள் ஆனாலும் சப்பென்று கிடக்கும். பையின் உதவி இங்கேதான். கரைசல் பாத்திரத்தோடு, 50 டிகிரி வெந்நீர் ஊற்றிய 2 லிட்டர் பாட்டில் ஒன்றையும் சேர்த்துப் பைக்குள் வைத்துக் கட்டுங்கள். பன்னிரண்டு மணிக்கொருமுறை பாட்டில் நீரை மாற்றினால் 24 மணி நேரத்தில் புளிப்பு வாசம் வந்து மேலே குமிழ் நிற்கும். பாட்டிலில் கொதிநீர் ஊற்றாதீர்கள், பாட்டில் நெளியும், மாவும் ஓரத்தில் வெந்துவிடும். இட்லி மாவுக்கும் இதே வழிதான்.

மறுநாள் மூன்று லிட்டர் தண்ணீரை உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, கரைசலை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் துழாவ வேண்டும். கட்டி தட்டுவது முதல் இரண்டு நிமிடத்தில்தான், அப்போது கை நிற்கக் கூடாது. பதினைந்து நிமிடம் கிளறி, தளபுள என்று கொப்பளிக்கும்போது இறக்கிப் பையில் ஒன்றரை மணி நேரம். அடுப்பிலேயே சிறுதீயில் விட்டால் அடி பிடிக்கும். பையில் பிடிக்க வழியே இல்லை, மாவு வாசமும் போய் வழவழவென்று வரும். மேலே ஏடு படியாமலிருக்க மூடும் முன் ஒரு கரண்டி கொதிநீரைப் பரவலாக ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே ஒரு லிட்டர் அமாசியைச் (இங்கத்திய புளித்த பால்) சேர்த்துக் கலக்க வேண்டும், சூட்டில் ஊற்றினால் திரிந்து போகும். படையலுக்கு எடுத்து வைத்த பின் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும். பால் கலந்த கூழை மறுபடி பைக்குள் வைக்கவே கூடாது. இளஞ்சூட்டில் கிருமி பெருகும்.

இந்த எச்சரிக்கை எல்லா உணவுக்கும் பொருந்தும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கெடத் தொடங்கும், சோறும் கறியும் முதலில். ஐந்து மணி நேரத்துக்கு மேல் பையில் விடாதீர்கள், விட நேர்ந்தால் வெப்பமானியை நம்புங்கள், மூக்கை நம்பாதீர்கள். ஜூலை 18 மண்டேலா நாளில் வழக்கமாகச் செய்யும் 67 நிமிடப் பொதுச்சேவைக்குச் சூப் கொண்டுபோகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 10 லிட்டர் பாத்திரம் கால் லிட்டர் வீதம் 40 பேருக்கு வரும்.

குறைகள். மின்சாரம் மிச்சமாகிறது, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவு இல்லை. சிறுதீயில் அடுப்பு முழு மின்சாரம் இழுப்பதில்லையே. இரண்டாவது, பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். மின்தட்டிலிருந்து எடுத்த பாத்திரத்தின் அடி அதைவிடச் சுடும். நேரே வைத்தால் அடி மெத்தையில் மணிகள் சுருங்கிக் கட்டியாகும். ஒரு நிமிடம் பலகையில் நிறுத்தி, இரண்டாக மடித்த துணியைப் பரப்பி வையுங்கள். தாளித்த எண்ணெய் மிதக்கும் பாத்திரத்துக்கும் அடி வறண்ட பிரியாணிக்கும் இது கட்டாயம். மூன்றாவது, ஈரம். ஆவி துணியில் இறங்கும், உபயோகித்த உடனே வெயிலில் விரிக்காவிட்டால் புழுங்கின வாடை வரும். கழற்றிய உறையை மட்டும் துவையுங்கள், மணிப்பை மெஷினுக்குள் போனால் தையல் விட்டு மெஷின் முழுக்க மணிதான்.

மணிகள் அமுங்கி அமுங்கி மெலியும். இரண்டு குளிர்காலத்துக்கு ஒருமுறை நான்கைந்து லிட்டர் சேர்க்க வேண்டியிருக்கிறது. குளிர்காலம் முடிந்ததும் எடுத்து வைக்கும்போது, டர்பன் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தித் தலையணையுறைக்குள் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மே மாதம் எடுத்து ஒரு நாள் வெயில் காட்டி, நாடாவை மாற்றிவிட்டால் அடுத்த ஆனிக்குத் தயார்.