பாண்ட்ஸா, ரோஸா: கூப்பர்ஸ்டவுனில் யாருக்கு இடம்?

கூப்பர்ஸ்டவுனில் உள்ள அமெரிக்க பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு வெளியே நிற்பவர்களுள் எவருக்கு நியாயம் கூடுதல் என்ற விவாதம், பெரும்பாலும் பாரி பாண்ட்ஸ், பீட் ரோஸ் என்ற இவ்விரு வீரர்களிடமே வந்து நிற்கிறது.

சாதனை: பாண்ட்ஸ் 762 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடிகள்) அடித்தவர், ரோஸ் 4,256 ஹிட்களுடன் (பந்தை அடித்துப் பாதுகாப்பாகத் தளத்தை எட்டிய அடிகள்) இன்றும் முதலிடத்தில் இருப்பவர்.

கறை: பாண்ட்ஸைத் தொடர்வது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு. ரோஸோ, தாம் மேலாளராக இருந்த சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் ஆட்டங்கள்மீதே பந்தயம் கட்டியதற்காக 1989-இல் தடைசெய்யப்பட்டு, பல்லாண்டுகள் மறுத்துவந்து, 2004-இல்தான் அதை ஒப்புக்கொண்டார்.

வாய்ப்பு: மண்டபத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும், 75 விழுக்காடு தேவைப்படும் பேஸ்பால் எழுத்தாளர் வாக்கெடுப்பில், கடைசி ஆண்டான 2022-இல் பாண்ட்ஸ் பெற்றது 66 விழுக்காடு, ரோஸின் பெயரைப் பரிசீலிக்கவே விடாத தடை அவர் மறைந்த பின், 2025-இல் நீங்கியது.

ஆட்டத்திறன் ஒன்றையே பார்ப்பவர்களுக்குப் பாண்ட்ஸ்தான். மிகச் சிறந்த வீரர் விருதை 7 முறை வென்றவருக்கு ரோஸ் நிகரல்லர் என்பது என் கணிப்பு. எண்களில் மருந்தின் வாடை இருக்கக்கூடாது என்பவர்கள் ரோஸைத் தேர்ந்தெடுக்கலாம்.