கழற்றி மாட்டும் வைப்பர்: பால் ஸ்க்ரூ நட்டுக்கு எந்த முறை சரி?

பம்பு வார்ப்புகளைக் கடையும் ஒரு சிஎன்சி மெஷினின் கவரைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கறுப்புப் பசை. வார்ப்பிரும்பில் இருக்கும் கிராஃபைட்டே கடையும்போது வழுக்கல் கொடுத்துவிடுவதால், கூலன்ட் விடாமல்தான் பெரும்பாலும் ஓட்டுகிறார்கள். அதில் வரும் தூள் மாவு போல நைஸாக இருக்கும். கிரீஸோடு சேர்ந்தால் உலோகத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் லேப்பிங் பேஸ்ட்டேதான். மெஷினின் நகரும் பாகத்தைத் தள்ளும் நீளத் திருகுதான் பால் ஸ்க்ரூ; அதன் மேல் ஓடும் நட்டுக்குள் குண்டுகள் திருகின் பள்ளத்தில் உருளும். அந்தப் பசை நட்டுக்குள் போனால் குண்டும் தேயும், பள்ளமும் தேயும். ஆறு மாதம் கழித்து டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது வரும் ஆட்டம், எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருப்போம்.

டெலஸ்கோபிக் கவரையும் தாண்டி வரும் தூளை நட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் வைப்பர்தான் தடுக்க வேண்டும். கையளவுகூட இல்லாத ஒரு வளையம். கோவைப் பக்கம் பழைய மெஷின்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இந்த வளையத்தின் மேல் தனி அக்கறை உண்டு. ஸ்க்ரூவின் ஆயுளை இதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது, ஆனால் மெஷின் வாங்கும்போது யாரும் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை.

கேட்பவர்களும் "பிரஷ்ஷா, ஃபெல்ட்டா, ரப்பரா?" என்றுதான் கேட்கிறார்கள். அதுவும் தேவையான கேள்விதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. ஸ்க்ரூவைத் தொட்டு ஓடும் வைப்பர் எதுவாக இருந்தாலும் தேயும், ஒருநாள் மாற்றியாக வேண்டும். அந்த நாளில் எவ்வளவு பிரிக்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதனால் இங்கே மாட்டும் முறைகளை முதலில் ஒப்பிடுகிறேன்.

அழுத்தி உட்காரவைப்பது

நட்டின் முனையில் ஒரு குழிவு இருக்கும், அதற்குள் ஒரு சின்ன காடி வெட்டியிருக்கும். பிளாஸ்டிக் வைப்பரின் வெளிவிளிம்பில் உள்ள புடைப்பு அந்தக் காடியில் டக்கென்று போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்க்ரூ, போல்ட் எதுவும் வேண்டாம். நட்டின் நீளமும் அதிகமாகாது. புது மெஷினுக்கு அழகான ஏற்பாடு.

கழற்றும்போதுதான் தெரியும். கூர்முனைக் கொக்கியை விட்டு நெம்பினால் பாதி நேரம் புடைப்பு பிய்ந்துகொண்டு வரும், பழையதை மறுபடி போட முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், இது முழு வளையம். கழுத்தில் போட்ட வளையல் மாதிரி, ஸ்க்ரூவின் முனை வழியாகத்தான் வெளியே வரும். அதற்கு மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கை எடுக்க வேண்டும், லாக் நட்டைத் தளர்த்த வேண்டும், முனை பேரிங்கை அதன் ஹவுசிங்கோடு இறக்க வேண்டும். ஸ்க்ரூவை இழுவிசை கொடுத்துப் பொருத்தியிருக்கும் மெஷின் என்றால் திரும்ப மாட்டும்போது அந்த இழுவிசையையும் அளந்து வைக்க வேண்டும்.

இப்படி 40 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் லீட் (ஒரு சுற்றுக்கு நட் நகரும் தூரம்) உள்ள ஒரு ஸ்க்ரூவில் வைப்பர் மாற்றப்போனபோது, ஃபிளாஞ்சுப் பக்கக் (நட்டை போல்ட் போட்டுப் பிடிக்கும் அகன்ற விளிம்பு இருக்கும் பக்கக்) குழிவை எட்ட வழியில்லாமல் நட்டையே ஸ்க்ரூவிலிருந்து இறக்க வேண்டி வந்தது. நட்டை இறக்கும்போது, குண்டுகள் உதிராமல் இருக்க, உள்ளே ஒரு டம்மி குழாய் கூடவே போக வேண்டும். அதன் வெளிவிட்டம் திருகின் அடிவிட்டத்தைவிட (பள்ளத்தின் அடியில் அளக்கும் விட்டம்) 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை குறைவாக இருந்தால் போதும். நான் கடைந்து வைத்திருந்த குழாய் அதைவிட மெலிந்துபோயிருந்தது. பாதி தூரம் வந்ததும் 6.35 மில்லிமீட்டர் குண்டுகள் ட்ரேயில் கொட்ட ஆரம்பித்துவிட்டன. எல்லாவற்றையும் பொறுக்கி, கழுவி, எண்ணி, ஒவ்வொன்றாக அடுக்கி முடிக்க இரண்டு நாள் போயிற்று. ஒரு குண்டு காணாமல்போனால் கடையில் அதே சைஸில் ஒன்று வாங்கிப் போட்டுவிட முடியாது. மைக்ரான் அளவில் வித்தியாசம் இருந்தாலே சுமை ஒரே குண்டில் விழும், முழு செட்டையே மாற்ற வேண்டும். வைப்பரோ கைக்காசில் வாங்கிவிடக்கூடிய பொருள். அன்றிலிருந்துதான் மாட்டும் முறையைப் பார்க்காமல் எந்த வைப்பரையும் சிபாரிசு செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கிரப் ஸ்க்ரூ போட்டுப் பிடிப்பது

இதிலும் வைப்பர் நட்டின் குழிவுக்குள்தான் உட்காரும், ஆனால் நட்டின் பக்கவாட்டில் தலையில்லாத ஒரு சின்ன கிரப் ஸ்க்ரூ வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். கழற்றுவது சுலபம், சின்ன அலன் கீ போதும். பிய்த்தெடுக்க வேண்டாம் என்பதால் பழையதை வெளியே எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடலாம். முதல் முறையைவிட இது ஒரு படி மேல்.

ஆனாலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, இறுக்கம். கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் பிளாஸ்டிக் வளையம் ஒரு பக்கம் உள்ளே அமுங்கும். வட்டம் கெட்டுப்போய் ஒரு பக்கம் ஸ்க்ரூவை உரசும், எதிர்ப்பக்கம் இடைவெளி விழும். இரண்டாவது, சுழற்சி. வைப்பரின் உள்பக்கமும் திருகு வடிவம்தான். பிடி தளர்ந்து அது நட்டோடு சேராமல் தனியாகத் திரும்பினால், திருகைப் பிடித்துக்கொண்டு நட்டைவிட்டு நகரத் தொடங்கும். 10 மில்லிமீட்டர் லீட் ஸ்க்ரூவில் 36 டிகிரி திரும்பினாலே 1 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். எதிர்த்திசையில் திரும்பினால் குழிவின் அடியில் போய் மோதி இறுகும், மோட்டார் லோடு ஏறும். கிரப் ஸ்க்ரூ வைப்பரின் மேல் சும்மா அழுத்தி நிற்கிறதா, அல்லது அதற்கென்று வெட்டிய பள்ளத்தில் இறங்கி நிற்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பள்ளம் இருந்தால்தான் சுழற்சி நிற்கும்.

முழு வளையம் என்ற குறை இதிலும் அப்படியே இருக்கிறது. ஸ்க்ரூவை விட்டு எடுக்க முனை பேரிங்கைப் பிரித்தே ஆக வேண்டும்.

மூடி வைத்து போல்ட் போடுவது

நட்டின் முகத்தில் ஒரு தட்டு வைத்து, அதற்குள் வைப்பரை அடக்கி, மூன்று நான்கு சின்ன ஸ்க்ரூக்களால் பிடிப்பது இந்த முறை. பிடி உறுதியாக இருக்கும். ஒரு பக்கமாக நசுங்காது. தேய்ந்த வைப்பரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மூடியையே திரும்ப உபயோகிக்கலாம். ஃபெல்ட் வளையம் போடுவதாக இருந்தால் இதைவிட வசதியான முறை எனக்குத் தெரியாது. ஃபெல்ட்டுக்குத் தன் உருவத்தைத் தானே தாங்கும் பலம் கிடையாது, அதை அடக்கி வைக்க ஒரு கிண்ணம் வேண்டும்.

பழைய மெஷினில் புதிதாக இதைச் செய்யப்போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பால் நட் ஹார்டனிங் செய்தது, கடினம் சுமார் 58 முதல் 62 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவு) வரை இருக்கும். சாதாரண ஹைஸ்பீடு ட்ரில்லால் அதில் ஓட்டை போட முடியாது. கார்பைடு வைத்து முயன்றால் அந்தத் தூளே நட்டுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. அதனால் நட்டைத் தொடவே வேண்டாம். ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையே கொஞ்சம் நீளமாகப் போட்டு மூடியைச் சேர்த்துப் பிடிக்கலாம். அல்லது நட் உட்கார்ந்திருக்கும் பிராக்கெட்டில் ஓட்டை போட்டு, டேப் விட்டு மரை வெட்டலாம். பிராக்கெட் வார்ப்பிரும்போ அலுமினியமோதான், சுலபமாக வெட்டுப்படும். நட்டை மூடிவிட்டு, தூளை உறிஞ்சி எடுத்துக்கொண்டே செய்யுங்கள்.

இந்த முறையில் நீளம் கூடும். ஒரு பக்கம் 12 மில்லிமீட்டர் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 24 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (நட் ஓடும் தூரம்) போய்விடும். லிமிட் ஸ்விட்சில் படும் முன்பே மூடி பேரிங் ஹவுசிங்கில் மோதுமா என்று கையால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இரண்டாகப் பிளந்த வைப்பர்

என் ஓட்டு இதற்குத்தான்.

வைப்பர் இரண்டு அரைவட்டமாகவோ மூன்று நான்கு துண்டுகளாகவோ இருக்கும். துண்டுகளை ஸ்க்ரூவைச் சுற்றி வைத்து, வெளியே ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் வளையத்தைச் சுற்றிக் கொக்கி போட்டுவிட்டால் அது எல்லாவற்றையும் ஸ்க்ரூவின் மேல் அணைத்துப் பிடிக்கும். மூடியும் இரண்டு பாதியாக இருந்தால் முனை பேரிங்கை, கப்ளிங்கை, எதையும் தொட வேண்டாம். கவரை நகர்த்தி, நட் கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தி, மெயினை அணைத்துவிட்டு, பழையதை எடுத்துப் புதியதை வைத்து மூடிவிடலாம். காலை டீ இடைவேளைக்கு முன்னால் ஆரம்பித்தால் சாப்பாட்டுக்கு முன்னால் மெஷின் ஓடும். ஸ்பிரிங் இருப்பதால் வைப்பர் தேயத் தேய உள்ளே நெருங்கி வந்துகொண்டே இருக்கும். முழு வளையத்தில் தேய்மானம் அப்படியே இடைவெளியாகிவிடும், இதில் அப்படி ஆகாது.

குறை இல்லாமல் இல்லை. இணைப்பு இருக்கும் இடம் பலவீனமான இடம். கிடையாக இருக்கும் ஸ்க்ரூவில் தூள் மேலிருந்து விழும், கூலன்ட் கீழே தேங்கும். அதனால் இணைப்பை மேலேயும் கீழேயும் வைக்காமல் பக்கவாட்டில், கடிகாரத்தில் 3, 9 இருக்கும் நிலையில் வையுங்கள். இடம் இருந்தால் மெல்லிய வைப்பர் இரண்டை அடுத்தடுத்து, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி திருப்பி வைப்பது இன்னும் நல்லது. பிளந்த துண்டுகள் ஒரே செட்டாக வெட்டியவையாக இருக்க வேண்டும். வேறு வேறு செட்டைக் கலந்தால் திருகு வடிவம் இணைப்பில் படி விழும், அந்தப் படியில் தூள் சேரும்.

இனி, எதில் செய்தது

வார்ப்பிரும்புத் தூளுக்கு பிரஷ் வைப்பர் போதாது. நைலான் மயிர்களின் நடுவே அந்த மாவு சாவகாசமாக உள்ளே போய்விடும். மர ரவுட்டரிலும் பெரிய அலுமினியச் சில்லு விழும் இடத்திலும் பிரஷ் நன்றாக வேலை செய்கிறது.

ஃபெல்ட் தூளைப் பிடிப்பதில் நல்லது, எண்ணெயையும் தேக்கி வைத்துக்கொள்ளும். கூலன்ட் படும் இடத்தில் மட்டும் போடாதீர்கள். அங்கே அது நீர் கலந்த கூலன்ட்டைத் தேக்கி வைத்து, வாரக்கடைசியில் மெஷின் நிற்கும்போது ஸ்க்ரூவில் துரு வளையம் போட்டுவிடும். பழைய லேத்தின் லீட் ஸ்க்ரூ, பித்தளை நட் இருக்கும் இடத்துக்கு ஃபெல்ட்டே போதும்.

தொடாமல் நிற்கும் லாபிரிந்த் வைப்பர் ஸ்க்ரூவுக்கு நூலளவு தள்ளியே நிற்பதால் உராய்வும் இல்லை, சூடும் இல்லை. தொட்டு ஓடும் வைப்பர் டார்க்கைக் (ஸ்க்ரூவைத் திருப்பத் தேவையான முறுக்கு விசையை) கூட்டும், ஸ்க்ரூவைச் சூடாக்கும். எஃகு ஸ்க்ரூ ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 12 மைக்ரான் நீளும், 5 டிகிரி ஏறினால் 60 மைக்ரான். வேகமாக ஓடும், துல்லியம் கேட்கும், அதே சமயம் சுத்தமான இடத்தில் நிற்கும் மெஷினுக்கு லாபிரிந்த்தான் சரி. தேயாத பொருளைக் கழற்ற வேண்டிய அவசரமும் இல்லை, அங்கே அழுத்தி உட்காரவைக்கும் முறையே போதும். டிஎச்கே கம்பெனி நட் என்றால் அதன் எண்ணைப் பாருங்கள்: ஆர்ஆர் என்று வந்தால் லாபிரிந்த் சீல், டபிள்யூடபிள்யூ என்று வந்தால் ஸ்க்ரூவைத் தொட்டு ஓடும் வைப்பர் ரிங்.

கூலன்ட்டோடு நைஸ் தூளும் வரும் இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் உதடு உள்ள வைப்பர். உதடு வெளியே பார்க்க வேண்டும். உள்ளே பார்க்க வைத்தால் கிரீஸைப் பத்திரமாகப் பூட்டி வைக்கும், தூளை வரவேற்கும். கிரீஸ் கொஞ்சம் வெளியே கசிவது நல்லதுதான், அது போகும்போது அழுக்கையும் தள்ளிக்கொண்டு போகும். வழியே இல்லாமல் அடைத்துவிட்டு கிரீஸ் கன்னால் அடித்தால், அழுத்தம் வைப்பரையே பிடுங்கி வெளியே தள்ளிவிடும்.

வீட்டில் சின்ன ரவுட்டர் செய்பவர்கள் 1605 நட்டுக்கு (16 மில்லிமீட்டர் விட்டம், 5 மில்லிமீட்டர் லீட்) டிபியூ என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் செய்து மாட்டுகிறார்கள். மரத்தூளுக்கு அது போதும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் செய்ய வேண்டாம், சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும்.

ஆக, டிரையாக வார்ப்பிரும்பு கடையும் மெஷினுக்கு நான் போடுவது பிராக்கெட்டில் போல்ட் போட்ட இரண்டு பாதி மூடி, உள்ளே பிளந்த ரெசின் வைப்பர், அதற்கு வெளியே எண்ணெயில் ஊறிய பிளந்த ஃபெல்ட். இடம் போதாத இடத்தில் பள்ளம் வெட்டிய கிரப் ஸ்க்ரூ வகை. முனை பேரிங் எப்படியும் அடிக்கடி பிரிக்கப்படும் மெஷினில் முழு வளையமும் எனக்குச் சம்மதம்.

மாட்டும்போது மூடியின் போல்ட்டுகளை முதலில் கையிறுக்கத்தில் மட்டும் விடுங்கள். நட்டை பேரிங் இருக்கும் முனைக்குக் கொண்டுபோய், முன்னும் பின்னும் சில சுற்று ஓட்டினால் வைப்பர் திருகைப் பார்த்துத் தானே நடுவில் வந்து உட்காரும். அதன் பிறகு குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் கப்ளிங்கில் ஒரு கம்பியைக் கட்டி, ஸ்பிரிங் தராசால் இழுத்து எவ்வளவு விசையில் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பார்த்தது திடீரென்று கூடியிருந்தால் வைப்பர் திருகோடு பொருந்தாமல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், மறுபடி தளர்த்தி ஓட்டுங்கள். இசட் ஆக்சிஸ் (ஹெட் மேலும் கீழும் நகரும் அச்சு) என்றால் இதில் எதையும் தொடுவதற்கு முன் ஹெட்டுக்கு அடியில் நல்ல கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிடுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி கையை உள்ளே விடக் கூடாது.