கொல்லிமலையில் வீட்டு ஃபைபர்: எட்டு மாத அனுபவம்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. செம்மேட்டைத் தாண்டி இன்னும் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். 2020இல் ஆன்லைன் வகுப்பு நடந்தபோது, ஒரு கோடு சிக்னலுக்காக மிளகுத் தோட்டத்து மேல்பாறையில் குடை பிடித்து உட்கார்ந்துதான் என் மகள் பாடம் கேட்டாள். அதனால் கேபிள்காரர் வீட்டு இன்டர்நெட்டுக்கு ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், இழுக்கிறார் என்றதும் முதல் ஆளாகப் பணம் கட்டினேன்.

399 ரூபாய் பிளான் என்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து கையை விட்டுப் போவது 470.82. சரி, மொபைலில் 28 நாள் ரீசார்ஜ் போட்டால் வருஷத்துக்கு 13 தடவை அழ வேண்டும், இது 12தான். வேகம் 30 எம்பிபிஎஸ் சொன்னார்கள், ராத்திரியில்கூட 25க்குக் கீழே இறங்கியதில்லை. வேகத்தில் குறையே சொல்ல மாட்டேன்.

வம்பெல்லாம் மழையில்தான். கேபிள் வருவது கரண்டு கம்பத்து மேலே, பக்கத்திலேயே சில்வர் ஓக் மரங்கள். ஐப்பசியில் ஒரு கிளை முறிந்து விழுந்தது, மோடத்தில் சிவப்பு விளக்கு. கண்ணாடி இழையை நம் ஊர் ஒயர் மாதிரி முறுக்கி டேப் சுற்ற முடியாது, உருக்கி ஒட்டுகிற மெஷின் வேண்டும். அது அடிவாரத்தில் இருக்கிறது. "மழை விடட்டும்ணே, வர்றேன்" என்ற கேபிள்காரர் வந்தது ஐந்தாம் நாள். அந்த நாட்களுக்குக் காசு கழிக்கவில்லை.

மேல்தெருவுக்கு லைன் கேட்டால் பத்து வீடாவது சேரணுமாம். ஆறு வீடுதான் தேறியது. ஆகவே சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் எங்கள் திண்ணையில். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வருகைப் பதிவுக்காக ஆப்பில் போட்டோ எடுக்கும் பொறுப்பாளர் அக்காவும், வேலை நடக்கும் இடத்தில் சிக்னல் இல்லாமல் இங்கே வந்துதான் ஏற்றுவார். மோடம் மாற்றிய அன்று வாசலில் நின்றே கேட்டார்: "தம்பி, பாஸ்வேர்டு மாத்திட்டியா?" மூஞ்சி வாடிப்போயிருந்தது. பழையதையே திரும்பப் போட்டுவிட்டேன்.

வேகத்துக்கு 5க்கு 4, பழுது பார்ப்பதற்கு ஒன்றரை. போடுகிறவர்கள் மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள், கரண்டு போனாலும் லைன் ஓடும். அப்புறம், கம்பத்தில் இரண்டு மூன்று சுற்று கேபிள் கூடுதலாக விடச் சொல்லுங்கள். அறுந்தால் இழுத்து ஒட்ட நீளம் வேண்டும், எங்களுக்கு விடவில்லை.