விங்சூட் கற்றுத்தர யாருக்குத் தகுதி? மூன்று வழிகள், ஓர் அலசல்

விமானத்திலிருந்து 200 முறை குதித்துப் பத்திரமாகத் தரையிறங்கியவர், அடுத்த முறை கைக்கும் விலாவுக்கும் நடுவிலும் கால்களுக்கு இடையிலும் துணிச்சிறகு வைத்துத் தைத்த விங்சூட் உடையை மாட்டிக்கொண்டு குதிக்கலாம். அமெரிக்க ஸ்கைடைவிங் சங்கமான யு.எஸ்.பி.ஏ. கட்டாயம் என்று கேட்பது இரண்டுதான்: 200 குதிப்பு, நடப்பில் உள்ள லைசென்ஸ். கற்றுக்கொள்பவருக்கு எண்ணிக்கை வைத்தாயிற்று. கற்றுக்கொடுப்பவருக்கு என்ன வைத்திருக்கிறோம்?

இது காகித விவகாரம் இல்லை. வயிறு கீழே பார்க்க விழும் சாதாரணக் குதிப்பில் வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். விங்சூட்டில் கீழிறங்கும் வேகம் 100-க்கும் கீழே வந்துவிடும். ஒரு நிமிடத்தில் முடிவது இரண்டு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது; அதற்குள் ஆள் பக்கவாட்டில் சில கிலோமீட்டர் பறந்துபோகிறார். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடாதவர் இறங்குதளத்தை விட்டு எங்கோ போய் இறங்குவார்.

இன்னொன்றும் உண்டு. ஆள் மயங்கிவிட்டால் தானாகவே ரிசர்வ் பாராசூட்டை விரிக்கும் சைப்ரஸ் கருவியை ஸ்கைடைவர்கள் உயிர்க்கவசமாக நம்புகிறார்கள். அனுபவசாலிகளுக்கான மாடல், தரைக்கு மேல் சுமார் 750 அடியில் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்தால்தான் வேலை செய்யும். சிறகு விரித்தவர் அந்த வேகத்தை எட்டாமலே போகலாம். அப்போது கருவி சும்மா இருந்துவிடும். 200 குதிப்புகளிலும் துணைக்கு நின்ற ஒன்று 201-ல் இல்லாமல் போகலாம் என்பதை யாராவது உட்காரவைத்துச் சொல்லியாக வேண்டும்.

யார் சொல்வது என்பதற்கு இதுவரை மூன்று வழிகள் இருந்திருக்கின்றன.

முதலாவது, உடை தயாரிக்கும் கம்பெனியே பயிற்றுநர்களை உருவாக்குவது. இன்றைய விங்சூட்டுக்கு வடிவம் தந்த பிரெஞ்சுக்காரர் பாட்ரிக் டி கயார்டோன் 1998-ல் ஹவாயில் இறந்தார். அவர் தன் பாராசூட் பையில் செய்த மாற்றமே காரணமானது. அதையொட்டிய காலத்தில் பின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் பேர்ட்மேன் கம்பெனியைத் தொடங்கி, விங்சூட்டைக் கடைச்சரக்காக்கினார்கள். விற்பதோடு நிற்காமல் கற்றுத்தரவும் ஆட்களைத் தயார்செய்தார்கள். அதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அப்போது வேறு யாருக்கும் இதில் அனுபவமே கிடையாது. உடையின் நெளிவுசுளிவு தெரிந்தவர் சொல்லித்தருவது பெரிய பலம். ஆனால் விற்பவரே 'நீ பறக்கத் தகுதியானவன்' என்று சான்றும் தருவது எனக்கு உறுத்துகிறது. கம்பெனிக்கு ஒரு சான்றிதழ் என்று ஆகிவிட்டால், எதற்கு என்ன மதிப்பு என்று டிராப்சோன் (குதிப்புத் தளம்) நடத்துபவருக்கும் தெரியாது.

இரண்டாவது அமெரிக்க வழி: எண்ணிக்கைக்கு விதி, மற்றதற்குப் பரிந்துரை. யு.எஸ்.பி.ஏ. கையேட்டின் பழைய பரிந்துரை என்ன சொன்னது தெரியுமா? 500 குதிப்பு இருக்க வேண்டும். அல்லது கடந்த 18 மாதங்களுக்குள் 200 குதிப்பும், அனுபவசாலி ஒருவரிடம் நேரடிப் பயிற்சியும். எவ்வளவு விவரமான கணக்கு! எண்ணிக்கை, எப்போது குதித்தது, யாரிடம் கற்றது என்று மூன்றையும் சேர்த்தே பார்த்தது. கட்டாய விதியாக மாறியபோது 200 மட்டும் தங்கியது.

2010-களின் தொடக்கத்தில், விங்சூட்காரர்கள் விமானத்தின் வாலில் மோதும் விபத்துகள் கவலை தந்தபோது, தனியாக விங்சூட் இன்ஸ்ட்ரக்டர் தகுதி வேண்டும் என்ற யோசனை வந்தது. யு.எஸ்.பி.ஏ. இயக்குநர் குழு ஏற்கவில்லை. எதிர்த்தவர்களின் வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன்: பறப்பவர்களே கொஞ்சம் பேர், சிறு ஊர் டிராப்சோனில் தகுதிபெற்ற ஆள் கிடைக்காது, பிறகு ஆர்வக்கோளாறில் தானாகவே கற்றுக்கொள்ளப் போவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் புதியவரோடு கூடவே குதித்துக் கற்றுத்தரும் ஏ.எஃப்.எஃப். இன்ஸ்ட்ரக்டராக வேண்டுமென்றால் அதே சங்கம் குறைந்தது 6 மணி நேர ஃப்ரீஃபால் (பாராசூட் விரியும் முன் விழும் நேரம்) அனுபவமும் நேரடித் தேர்வும் கேட்கிறது. வயிறு கீழே பார்க்க விழக் கற்றுத்தர இத்தனை சோதனை, சிறகோடு பறக்கக் கற்றுத்தர ஒன்றுமில்லை என்பது எப்படிச் சரியாகும்?

மூன்றாவது பிரிட்டிஷ் வழி. தேசிய சங்கத்தின் ஏற்பாட்டுக்குள்ளேயே விங்சூட் கோச், அதற்கெனத் தனித் தகுதித் தரம், கிளப்பின் தலைமைப் பயிற்றுநரின் அனுமதி. கோச்சுகள் உருவாகும் வேகம் குறைவு, எண்ணிக்கையும் குறைவு. ஆனால் தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும், கொடுத்த தகுதியைத் திரும்பப் பிடுங்கவும் முடியும்.

என் ஓட்டு மூன்றாவதற்கே, ஒரு திருத்தத்தோடு. 2018 ஜூலையில் தென்மேற்கு பிரான்சில், விங்சூட்டில் பறந்துகொண்டிருந்தவர் மீது அவரை ஏற்றிச்சென்ற விமானமே கீழிறங்கி வரும்போது இறக்கையால் மோதியது. அவர் இறந்துபோனார், 2024-ல் நீதிமன்றம் விமானிக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. எனவே பயிற்சித் தரம் குதிப்பவரோடு முடியக் கூடாது. இவர் எந்தத் திசையில் பறக்கப்போகிறார் என்பதை விமானியிடம் சொல்லி ஒத்துக்கொள்ள வைப்பதும் கோச்சின் வேலையாக எழுதப்பட வேண்டும்.

தேர்வு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.எஃப்.எஃப். முறையிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது: அங்கே தேர்வு வைப்பவரே மோசமான மாணவராக நடிப்பார். விங்சூட்டுக்கும் அப்படியே வைக்கலாம். கதவிலிருந்து வெளியேறும்போது கைகளை உடம்போடு ஒட்டி, வால் கடந்துபோகும் வரை சிறகை மூடியே வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் உடனே விரித்துவிட்டால் காற்று ஆளைத் தூக்கி வாலை நோக்கி எறியும். தேர்வு வைப்பவர் தரையில் ஒத்திகை பார்க்கும்போது வேண்டுமென்றே இரண்டு முறை சீக்கிரமே கையை விரிக்கட்டும். விமானத்துக்குள் கேட்டால் கேள்விக்குத் தப்பான பதில் சொல்லட்டும். கோச் ஆக வந்தவர் அதைக் கவனித்து, 13,000 அடிக்கு ஏறிய பிறகும், கொடுத்த காசைப் பற்றிக் கவலைப்படாமல், "இன்னிக்கு வேண்டாம், விமானத்திலேயே கீழே போயிடலாம்" என்று சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். சொன்னால் பாஸ்.