நெட் கட் ஆகிக்கொண்டே இருக்கிறதா? ரிப்பீட்டர், மெஷ், ஒயர், புது கம்பெனி: எதில் காசைப் போடுவது

போன வருடம் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணி ஆனால் நெட் படுத்துவிடும். மாடி அறையில் மனைவி ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார். பாதிப் பேச்சில் முகம் உறைந்து நிற்கும். “உங்க குரல் விட்டு விட்டு வருது” என்று எதிர்முனையில் யாராவது சொல்வார்கள். உடனே எனக்கு மேலிருந்து ஒரு குரல் வரும். அது விட்டு விட்டெல்லாம் வராது, தெளிவாகவே வரும்.

நான் செய்தவை இவை. முதலில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுச் சண்டை. அப்புறம் 1,600 ரூபாய்க்கு, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர். அப்புறம் கம்பெனியை மாற்றலாமா என்று தெரு முழுக்க விசாரணை. கடைசியாகத்தான் ஒரு லேன் ஒயரை எடுத்து லேப்டாப்பில் குத்திப் பார்த்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சோதனை இதுதான். லேப்டாப்பை ரவுட்டரோடு லேன் ஒயரில் இணைத்து, வைஃபையை அணைத்துவிட வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டில் இரண்டு கறுப்பு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8-க்கும் (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்) பிங்கைத் தொடர்ந்து ஓடவிட வேண்டும். பிங் என்பது “இருக்கிறாயா?” என்று கேட்டு, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று காட்டும் கட்டளை. முதலாவது வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும் கேள்வி, இரண்டாவது வெளியே போய்வரும் கேள்வி. ஒயரில் இரண்டும் சீராக இருந்தால் கம்பெனி மேல் தப்பில்லை, உங்கள் வைஃபைதான் நோயாளி. ரவுட்டர் ஒரு மில்லிசெகண்டில் பதில் சொல்லி, வெளியே மட்டும் துள்ளினால் லைனில் கோளாறு. லேப்டாப்பில் லேன் துளையே இல்லை என்றால் அதற்கான யூஎஸ்பி அடாப்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நெட் கட் ஆகும் நேரத்தில் சோதிப்பது முக்கியம். மத்தியானம் இரண்டு மணிக்குச் சோதித்து “எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்று சொல்வதில் பிரயோஜனமில்லை.

எங்கள் வீட்டில் ஒயரில் இருபது நிமிடம் ஓடியும் ஒரு பதில்கூடத் தவறவில்லை. அதே லேப்டாப்பை மாடிக்கு எடுத்துப்போய் வைஃபையில் போட்டால், வெளியே போவது இருக்கட்டும், கீழே ஹாலில் இருக்கும் சொந்த ரவுட்டரே 3 மில்லிசெகண்ட், 5, 410, மறுபடி 4, அப்புறம் பதிலே இல்லை என்று தத்தளித்தது. ஒரு மாதமாகக் கஸ்டமர் கேர் பெண்ணைத் திட்டியிருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க இப்போது வழியில்லை.

காசில்லாத வைத்தியம் முதலில்

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இணைப்புக் கொடுக்க வந்தவர் ஒயர் எதுவரை வந்ததோ அங்கேயே மாட்டிவிட்டுப் போயிருப்பார். எங்களுடையது டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், பக்கத்தில் இரும்பு பீரோ. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் இருக்கும் நம் ஊர் வீடுகளில் அலை நுழைவதே பெரும்பாடு, அதில் பீரோ வேறு. வைஃபை அலைவரிசை பெரும்பாலும் இரண்டு, 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 தாக்குப்பிடிக்கும், ஆனால் அங்கே கூட்டம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றுதான். சாயங்காலம் போனில் வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் பதினேழு தெரிந்தன. மூன்று வழித் தெருவில் பதினேழு கல்யாண ஊர்வலம். ஏழு மணிக்கு நெட் படுத்ததன் ரகசியம் இதுதான்.

ரவுட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வைத்து, கூட்டம் குறைந்த சேனலுக்கு மாற்றி, 2.4-இன் சேனல் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். கீழ்த்தளம் முழுக்கச் சரியாகிவிட்டது. ஒரே தளத்தில் இரண்டு படுக்கையறை வீடென்றால் பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும். எங்களுக்கு மாடி மிச்சமிருந்தது.

ரிப்பீட்டரா, மெஷ்ஷா?

ரிப்பீட்டரின் பெரிய கவர்ச்சி விலை. சுவர் பிளக்கில் சொருகினால் ஐந்து நிமிடத்தில் ஓடும். ஆனால் மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிறது. ஒரு சொல்லை இரண்டு முறை சொன்னால் நேரம் இரட்டிப்பாகும், ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய தப்பு வைக்கும் இடத்தில். சிக்னல் வராத அறையிலேயே சொருகுகிறோம். அங்கே அதற்கே ஒன்றும் காதில் விழாதபோது எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வைக்க வேண்டும். இல்லையென்றால் போனில் கோடுகள் முழுசாகத் தெரியும், நெட் மட்டும் வராது. அந்தக் கோடுகள் ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடையில்தான், ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் அல்ல.

மெஷ் என்றால் ஒரே பெயரில் இயங்கும் இரண்டு மூன்று பெட்டிகள். மாடிப்படி ஏறும்போது போன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாக மாறும். ரிப்பீட்டரில் போன் பழைய சிக்னலையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் தொல்லை இதில் குறைவு. நல்ல மெஷ்களில் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும் தனி ரேடியோ உண்டு. விலை மட்டும் ரிப்பீட்டரைப் போல மூன்று நான்கு மடங்கு, ஏன் அதற்கு மேலும். விளம்பரத்தில் சொல்லாத விஷயம், மெஷ் பெட்டிகளுக்கிடையே இருக்கும் இணைப்பும் காற்றுவழிதான். கான்கிரீட் தளத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வைத்தால் அது பட்டுச்சட்டை போட்ட ரிப்பீட்டர். மாடிப்படித் திறப்பு வழியாக ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்க முடிந்தால் மெஷ் நன்றாக வேலை செய்யும். வாடகை வீடு, சுவரில் துளை போட்டால் வீட்டுக்காரர் முறைப்பார் என்றால் மெஷ்தான் சரி. ஏற்கெனவே இருக்கும் கம்பெனி ரவுட்டருக்குப் பின்னால் மாட்டும்போது மெஷ்ஷை ஆக்செஸ் பாயின்ட் மோடில் (ரவுட்டர் வேலை பார்க்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் மோடு) போடுங்கள். இல்லையென்றால் ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர் அதிகாரம் பண்ணும். மாமியார் மருமகள் கதைதான், கேமும் விபிஎன்னும் தகராறு செய்யும்.

ஒயர்

நான் போனது இந்த வழி. ரவுட்டரிலிருந்து மாடி அறைக்கு 22 மீட்டர் கேட் 6 ரக லேன் ஒயர், அந்த முனையில் பரணில் கிடந்த பழைய ரவுட்டர். பழைய ரவுட்டரின் முகவரியை மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைத்து, லேன் துளையிலிருந்து லேன் துளைக்கு இணைத்தால் அதுவே ஆக்செஸ் பாயின்ட். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் இழுத்துவிடலாம் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். விடவில்லை. அதில் ஆபத்தும் உண்டு, இரைச்சலும் உண்டு. பழைய கேபிள் டிவி பைப் காலியாக இருந்தது, அதில் இழுத்தோம். கடையில் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த ஒயர் விலை குறைவாக இருக்கும், வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

எல்லாம் முடிந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94 எம்பிபிஎஸ். திட்டமோ 200. பத்து முறை போட்டாலும் 94, 93, 94. இப்படித் தொண்ணூற்று நான்கிலேயே முட்டிக்கொண்டு நின்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு: இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. லேன் ஒயருக்குள் எட்டு நூல் இருக்கும். 100-க்கு 1, 2, 3, 6 என்று நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எலெக்ட்ரீஷியன் டெஸ்டரை மாட்டினார். பச்சை விளக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சிமிட்டிக்கொண்டே வந்து ஆறுக்கு அப்புறம் எட்டுக்குத் தாவியது. ஏழாவது, வெள்ளைப் பழுப்பு நூல், கனெக்டருக்குள் கடைசிவரை போகாமல் மயிரிழை முன்னாலேயே நின்றிருந்தது. ஒயரின் முனையை வெட்டி, நூல்களை வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று அடுக்கி மறுபடி கிரிம்ப் பண்ணினார். மாடியில் 200 வந்துவிட்டது. அன்றிலிருந்து மீட்டிங்கில் முகம் உறையவில்லை.

என்னைக் கேட்டால், சொந்த வீடு என்றால் ஒயர்தான், யோசிக்கவே வேண்டாம். மெஷ் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் பெட்டிகளுக்கிடையே ஒயர் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் அந்த விலைக்கு நியாயம் தெரியும்.

கோளாறு வாசலுக்கு வெளியே என்றால்

தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் என் மச்சான் கதை இதற்கு நேர் எதிர். அவர் சோதனையில் வீட்டுக்குள் எல்லாம் சுத்தம், வெளியே போவதுதான் அறுந்து அறுந்து வந்தது. காற்றடித்தால் மோடத்தில் லாஸ் (ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை) என்ற சிவப்பு விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்து, இணைப்பு வந்துவிட்டதைக் காட்டும் பான் விளக்கு பச்சையாகும். இந்தக் கம்பெனியே வேண்டாம் மாப்பிள்ளை, மாத்திடறேன் என்று போன் பண்ணினார்.

மாற்றுவதற்கு முன் ஓர் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். ஃபைபர் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவர், ஆர்எக்ஸ் பவர் என்று ஏதாவது ஒரு பெயரில், வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு டெசிபல் கணக்கில் (dBm) மைனஸில் இருக்கும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் வீடுகளுக்கு வரும் சாதாரண ஜிபான் வகை ஃபைபர் மோடத்துக்கு மூச்சு வாங்கும். இதில் ஒவ்வொரு 3 டெசிபல் இறக்கமும் வெளிச்சத்தைப் பாதியாக்கிவிடும். மச்சான் வீட்டில் மைனஸ் 29. கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் முருங்கைக் கிளையில் மடங்கிக் கிடந்தது. கண்ணாடி இழை சற்றே கூர்மையாக மடிந்தாலும் வெளிச்சம் அந்த இடத்தில் கசிந்துபோகும். காற்றில் கிளை ஆட ஆட மடிப்பு இறுகியிருக்கிறது. “நெட் ஸ்லோ” என்று புகார் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். “ஆப்டிகல் பவர் மைனஸ் 29 காட்டுகிறது, பவர் மீட்டரோடு ஆளை அனுப்புங்கள்” என்றால் பேச்சே வேறு. லைன்மேன் வந்து ஒயரை மரத்துக்கு இந்தப் பக்கம் இழுத்துக் கட்டி, பச்சைக் கனெக்டரைத் துடைத்து மாட்டினார். மைனஸ் 21.

அவர் கம்பெனியை மாற்றியிருந்தாலும் புது ஃபைபர் அதே கம்பத்திலிருந்து அதே முருங்கை மேல்தான் வந்திருக்கும். சின்ன ஊர்களில் இரண்டு கம்பெனிக்கும் ஒரே கேபிள்காரர் லைன் பார்ப்பதும் உண்டு. கம்பெனியை மாற்றுவது எப்போது சரி? ஆப்டிகல் பவர் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்கிறது, ஒயரில் சோதித்தால் காலை ஆறு மணிக்கு வெளிப் பிங் சீராக இருக்கிறது, இரவு ஒன்பதுக்குத் தினமும் தள்ளாடுகிறது என்றால் அது அவர்கள் பக்கத்து நெரிசல். அதை எந்த லைன்மேனாலும் சரிசெய்ய முடியாது. மாறிவிடலாம்.

ஏர்ஃபைபர் எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஏர்டெல் டெல்லியிலும் மும்பையிலும், அதே ஆண்டு செப்டம்பர் 19-ல் ஜியோ சென்னை உட்பட எட்டு நகரங்களிலும் தொடங்கிய 5ஜி வீட்டு இணைப்பு இது. மொட்டைமாடியிலோ ஜன்னலோரமோ ஒரு பெட்டி டவரைப் பார்த்து உட்காரும், அங்கிருந்து ஒயர் வீட்டுக்குள் இறங்கும். ஜேசிபி தோண்டினாலும் முருங்கை முறிந்தாலும் கவலையில்லை. ஆனால் தெருவிலுள்ள போன்களும் அதே டவரில்தான் தொங்குகின்றன, வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். ஃபைபர் வராத இடத்துக்கு இது வரம். ஃபைபர் ஒழுங்காக வரும் இடத்தில் முதல் இணைப்பாக இதை எடுக்க மாட்டேன். இரண்டாவது இணைப்பு வேண்டும் என்றால் மட்டும் இன்னொரு ஃபைபரைவிட இதுதான் மேல். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டியபோது சாய்ந்த மரங்கள் இந்தக் கம்பெனி ஒயர், அந்தக் கம்பெனி ஒயர் என்று பார்த்து அறுக்கவில்லை. ஒரே கம்பத்தில் வரும் இரண்டு இணைப்பு காப்பீடு ஆகாது. எப்போதாவது ஒருநாள் தேவைப்படுவதற்குப் போன் ஹாட்ஸ்பாட்டே போதும்.

கரண்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெட் போய் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகத் திரும்புகிறதென்றால், அந்த நேரத்தில் ஃபேன் ஒரு நொடி தயங்கியதா என்று கவனியுங்கள். இன்வெர்ட்டருக்கு மாறும் இடைவெளியில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்கும். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் போட்டால் மாற்றம் வேகமாக நடக்கும், செலவே இல்லை. இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் குட்டி யூபிஎஸ். அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட் அதேதானா, ஆம்பியர் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மோடமும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டி என்றால் இரண்டுக்கும் வேண்டும்.

அந்த 1,600 ரூபாய் ரிப்பீட்டர் இப்போது கார் ஷெட்டில் இருக்கிறது, கேட் கேமராவுக்கு. பால்காரர் வருவதும் பூனை போவதும் தடங்கலில்லாமல் தெரிகிறது.