அரசர் பக்கத்துக் கேலி: ஆலிகஸா, ஹூடிப்ராஸா?

மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தையும் அதன் படையையும் நையாண்டி செய்தவர்கள் பலர். எது மேல் என்று பார்க்க நான் எடுத்துக்கொள்வது இரண்டு படைப்புகளை மட்டும்.

முதலாவது, 'மெர்குரியஸ் ஆலிகஸ்'. 1643 ஜனவரியில், மன்னர் முதலாம் சார்லஸ் முகாமிட்டிருந்த ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய வாரச் செய்தித்தாள். எதிரியின் கோட்டையான லண்டனுக்குள்ளேயே திருட்டுத்தனமாகப் போய் விற்றது. ஞாயிறு ஓய்வுநாளைக் கண்ணும் கருத்துமாகக் காத்த, நாடாளுமன்றப் பக்கம் நின்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட்களான பியூரிட்டன்களைச் சீண்டவே இதழில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி! குத்தல் சுருக்கென்று தைத்திருக்கும். பதிலடி கொடுக்க நாடாளுமன்றத் தரப்பு அதே ஆண்டில் 'மெர்குரியஸ் பிரிட்டானிகஸ்' தொடங்க வேண்டியதாயிற்று. ஆனால் இன்று அடிக்குறிப்பு இல்லாமல் பாதி புரியாது.

சாமுவேல் பட்லரின் 'ஹூடிப்ராஸ்' கவிதையோ, போர் ஓய்ந்து மன்னராட்சி திரும்பிய பிறகு வந்தது. செத்த பாம்பை அடித்த கதைதான். துணிச்சலில் ஆலிகஸுக்கு ஈடில்லை. இருந்தும் என் ஓட்டு இதற்கே. நாடாளுமன்றத்தில் ஓங்கியிருந்த பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த வீரன் ஹூடிப்ராஸும், அதோடு ஒத்துப்போகாத, படையில் ஓங்கியிருந்த இண்டிபெண்டன்ட் பிரிவைச் சேர்ந்த பணியாள் ரால்ஃபோவும் ஓயாமல் வாதாடுவதில், நாடாளுமன்றமும் படையும் முட்டிக்கொண்டதே தெரிகிறது. வீரனின் வாள், வெட்ட ஆளின்றித் தன்னையே தின்று துருப்பிடித்திருக்கிறது. குதிரையை முடுக்கக் குதிகாலில் மாட்டும் குதிமுள்ளும் ஒரு காலில் மட்டுமே: குதிரையின் ஒரு பக்கம் ஓடினால் மறுபக்கம் நின்றுவிடவா போகிறது?