மழைநீரைச் சோதிக்கப் பேனா வடிவ பி.எச். மானி: ஒரு மதிப்புரை

புதுச்சேரியில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவ பி.எச். மானியை, அதாவது நீரின் அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் கருவியை, வாங்கினேன். கடலூரில் ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளும் உள்நாட்டுப் பக்கம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையங்களும் இருப்பதால், பெய்வது அமில மழைதானா என்ற ஐயம் அவ்வூர்க்காரர்களுக்கு எழுவது இயல்பே. கிணற்று நீருக்கும் மீன் தொட்டிக்கும் இக்கருவி தாராளமாகப் போதும். மழைநீருக்கோ, சில செய்திகளை அறிந்து பயன்படுத்துவோருக்கு மட்டுமே உதவும்.

தூய மழைநீர்கூட நடுநிலையான 7-ஐக் காட்டாது. காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைவதால் ஏறத்தாழ 5.6-இல்தான் நிற்கும். நிலக்கரி எரியும்போது வெளிப்படும் சல்பர் டை ஆக்சைடும், ஆலைகளும் வாகனங்களும் வெளியேற்றும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றிலேயே கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறி மழையோடு இறங்கும்போது, அளவு அதற்கும் கீழே போகிறது. ஓர் அலகு குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியதாகப் பொருள். இந்த வேறுபாட்டை லிட்மஸ் தாள் காட்டாது; இம்மானி காட்டும். ஆனால் திரையில் இரண்டு தசம இலக்கங்கள் தெரிந்தாலும், உடன் வரும் தாளிலேயே துல்லியம் 0.1 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆக, கடைசி இலக்கம் வெறும் அலங்காரம்.

மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால், நீரில் தோய்ந்து அளவை உணரும் மின்முனை தடுமாறுகிறது. எண் நிலைகொள்ளச் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். அளப்பதற்குமுன் பி.எச். அளவு முன்பே தெரிந்த 4.01, 6.86 ஆகிய இரு தாங்கல் கரைசல்களிலும் அளவுத்திருத்தம் செய்வது கட்டாயம். பெட்டியில் வரும் பொட்டலத் தூளைக் காய்ச்சி வடித்த நீரில்தான் கரைக்க வேண்டும். ஆனால் மின்முனையை அந்நீரிலேயே ஊறவைத்தால் அது விரைவில் கெடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலே அதற்கு ஏற்றது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை, கரைசலையும் தனியே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கருவியைவிட நீரைப் பிடிக்கும் முறையே முக்கியம். மொட்டை மாடிக் குழாயில் வரும் நீர் சிமெண்ட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு 7-ஐத் தாண்டிவிடும். ஆகவே திறந்தவெளியில், நன்கு கழுவிய பிளாஸ்டிக் வாளியில் நேரடியாகப் பிடிக்க வேண்டும். காற்றில் மிதக்கும் மண்தூசியில் உள்ள கால்சியம் கார்பனேட்டும் அமிலத்தை ஓரளவு ஈடுகட்டுவதால், அளவு 6-ஐ ஒட்டி வந்தாலே காற்று தூயது என்று முடிவுகட்ட இயலாது. காற்றின் திசையையும் குறித்துக்கொள்வது நல்லது: ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் கடலிலிருந்து வருவது, நெய்வேலிப் பக்கத்துப் புகையைச் சுமந்துவர வாய்ப்புள்ளது மேற்கிலிருந்து காற்று வீசும் காலத்து மாலை மழைதான்.

இம்மானியால் சொல்ல இயலாதவையும் உண்டு. அமிலம் எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்பதையோ, அது கந்தக அமிலமா நைட்ரிக் அமிலமா என்பதையோ அறிய ஆய்வகத்தில் சல்பேட், நைட்ரேட் அளவுகளைப் பார்க்க வேண்டும். அமில மழையால் மண்ணின் கால்சியமும் மக்னீசியமும் அரித்துச் செல்லப்படுவதும், புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புப் பூச்சுகள் ஜிப்சமாக (கால்சியம் சல்பேட்டாக) மாறி உதிர்வதும் ஆண்டுக்கணக்கில் நிகழ்பவை. ஒருநாள் அளவில் அவை தென்படா. அனல்மின் நிலையங்களில் புகையைச் சுண்ணாம்புக்கல் கலவையால் கழுவிக் கந்தகத்தை நீக்கும்போதும் ஜிப்சமே கிடைக்கிறது. சுவரில் நேரும் அழிவை ஆலைக்குள்ளேயே நடத்தி முடித்துவிடும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. அனல்மின் நிலையங்களுக்கான சல்பர் டை ஆக்சைடு வரம்புகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் அறிவித்த பிறகே இங்கு இதைப் பற்றிய பேச்சு பரவலாயிற்று.

பள்ளி அறிவியல் மன்றங்களுக்கு இந்த மலிவு விலைப் பேனாவைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பல பருவங்கள் தொடர்ந்து பதிவுசெய்ய விரும்புவோர், கூடுதல் விலையானாலும் மின்முனையை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய வகையைத் தேர்ந்தெடுக்கட்டும். இந்த மலிவுப் பேனாவிலோ மின்முனை பழுதானால் முழுக் கருவியையும் தூக்கியெறிய வேண்டியதுதான்.